நடந்து கற்பித்த பேராசிரியர் கார்ல் லின்னேயஸ்

ஊரை விட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து படிக்கும் நமக்கு விடுதிச் சோற்றில் கறிவேப்பிலை மணந்துவிட்டால் அன்று திருநாள்தான். வீட்டில் இருந்தபோது இலையின் ஓரத்தில் ஒதுக்கித் தள்ளியதை இங்கே தேடித் தேடி உண்கிறோம். அந்தக் கறிவேப்பிலைக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர் பெர்கெரா கோனிகியை. முர்ராயா கோனிகியை என்றும் சொல்வர். எந்தப் பெயரைச் சொன்னாலும் அதன் பின்பாதியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் கோனிக் என்னும் மருத்துவர். 1768ஆம் ஆண்டு நம் தரங்கம்பாடிக் கடற்கரையில் வந்து இறங்கியவர். நம் நாட்டுத் தழைக்கு அவர் பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர். அந்த ஆசிரியர் தரங்கம்பாடியையும் கண்டதில்லை, இந்தியாவையும் கண்டதில்லை. பனி உறையும் வடநாட்டில், ஒரு பல்கலைக்கழகத் தோட்டத்தின் மூலையில் இருந்த வீட்டில் அவர் வாழ்ந்தார். அவரே கார்ல் லின்னேயஸ்.

செடிகளுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையைத் தந்தவர் என்று பள்ளியில் அவரைப் பற்றிப் படித்தோம். இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்தோம். தாவரவியல் பயிலாத நண்பர்களுக்கு அதுவும் நினைவிராது. ஆனால் அந்தப் பெயர்முறை நூலகத்து மேசையில் மட்டும் உருவானதன்று. ஒரு தோட்டத்திலும், அதைச் சுற்றியிருந்த வயல்வெளிகளிலும், மாணவர்களோடு நடந்த நடையிலும் அது வளர்ந்தது. அந்த நடையின் கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

பெயரை மறந்த சிறுவன்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் ஸ்மோலந்து என்னும் நிலப்பகுதி உள்ளது. அங்கே ரோஷுல்ட் என்னும் சிற்றூரில் 1707ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் கார்ல் பிறந்தார். தந்தை நில்ஸ் ஒரு சமயகுரு. அக்காலத்து எளிய குடிகளுக்கு அங்கே நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகன் என்பதைச் சேர்த்து வழங்குவதே மரபு. நில்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஒரு பெயர் வேண்டியிருந்தது. தம் குடும்ப நிலத்தில் ஓங்கி நின்ற லிண்டன் மரத்தை நினைத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டப் போகிறவரின் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்தது.

நில்ஸுக்குத் தோட்டம் என்றால் உயிர். தம் வீட்டைச் சுற்றி அரிய செடிகளை வளர்த்தார். மகனுக்கும் ஒரு சிறு பாத்தியைத் தனியே கொடுத்தார். சிறுவன் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பெயர் கேட்பான். கேட்டதை மறந்துவிட்டு மறுநாளும் கேட்பான். ஒருநாள் தந்தை பொறுமை இழந்தார். சொன்ன பெயரை மறந்தால் இனிப் புதிய பெயர் எதுவும் சொல்லமாட்டேன் என்று கண்டித்துவிட்டார். அன்று முதல் சிறுவன் பெயர்களை மனத்தில் இருத்திக்கொள்ளப் பழகினான். பிற்காலத்தில் லின்னேயஸே இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

வெக்ஷோ நகரத்துப் பள்ளியில் அவர் சிறந்த மாணவராக விளங்கவில்லை. சமயகுருவாவதற்கு வேண்டிய பாடங்களில் மனம் செல்லவில்லை. புல்லையும் பூவையும் தேடி அலைந்தார். இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று ஆசிரியர்கள் கைவிரித்தனர். தையல் வேலையிலோ செருப்புத் தைக்கும் வேலையிலோ சேர்த்துவிடலாமா என்று தந்தை எண்ணிய நேரம் அது. அப்போது அதே பள்ளியில் பாடம் சொன்ன ரோத்மன் என்னும் மருத்துவர் குறுக்கிட்டார். இவன் குருவாக மாட்டான், ஆனால் நல்ல மருத்துவனாவான் என்று எடுத்துச் சொல்லித் தாமே சில காலம் கற்பித்தார். ஓர் ஆசிரியரின் கண் அன்று அந்த மாணவன்மேல் விழாதிருந்தால் அறிவுலகம் ஒரு பேராளரை இழந்திருக்கும்.

தோட்டத்தில் ஒரு சந்திப்பு

1727ஆம் ஆண்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டோபியஸ் என்னும் மருத்துவரின் வீட்டில் தங்கினார். அவருடைய நூலகத்து நூல்களை இரவில் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் படித்தார். பின்னிரவில் அறையில் விளக்கெரிவதைக் கண்டு ஐயுற்று வந்த ஸ்டோபியஸ், பிள்ளை படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சினந்துகொள்ளாமல் நூலகத்தையே அவருக்குத் திறந்துவிட்டார். மறு ஆண்டு லின்னேயஸ் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

உப்சாலாவில் ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. 1655ஆம் ஆண்டில் ஓலோஃப் ருட்பெக் என்னும் பேரறிஞர் அதனை அமைத்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கே 1,800க்கும் மேற்பட்ட செடிவகைகள் வளர்ந்தனவாம். 1702ஆம் ஆண்டு நகரில் பெருந்தீ மூண்டது. தோட்டமும் பாழ்பட்டது, ருட்பெக்கின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதியும் எரிந்தது. அவரும் அதே ஆண்டில் காலமானார். லின்னேயஸ் வந்தபோது தோட்டம் பழைய பெருமையின் நிழலாகவே கிடந்தது.

அவருடைய நிலையும் அதனினும் மேலானதன்று. கைப்பொருள் கரைந்தது. கடன் வாங்கி உண்டார். தேய்ந்த செருப்பின் ஓட்டையைத் தாளால் அடைத்துக்கொண்டு நடந்தார். வெளியூரில் படிக்கும் மாணவனின் இந்த வறுமையை நம்மிலும் சிலர் அறிவோம். ஆனாலும் அவர் நாளும் அந்தப் பாழ்பட்ட தோட்டத்துக்குப் போவதை விடவில்லை. 1729ஆம் ஆண்டு ஒருநாள் அங்கே பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். இந்தச் செடி என்ன, அந்தச் செடி என்ன என்று கேட்டார். இளைஞர் தயங்காமல் விடை சொன்னார். அந்த முதியவர் இறையியல் பேராசிரியர் ஓலோஃப் செல்சியஸ். வெப்பமானியால் பெயர் பெற்ற செல்சியஸின் பெரிய குடும்பத்தவர். விவிலியத்தில் வரும் செடிகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் அந்த இளைஞரின் கந்தலைப் பார்க்கவில்லை, அறிவைப் பார்த்தார். தம் வீட்டிலேயே தங்க இடமும் உணவும் கொடுத்தார்.

செல்சியஸுக்குப் புத்தாண்டுக் காணிக்கையாக லின்னேயஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பூவின் மகரந்தத் தாளும் சூலகமும் ஆணும் பெண்ணுமாக அமைந்து விதையைத் தோற்றுவிப்பதை அது விளக்கியது. கையெழுத்துப் படியாகவே பலர் கைக்கு மாறி, பழைய ருட்பெக்கின் மகனும் பேராசிரியருமான இளைய ருட்பெக்கை அடைந்தது. அவர் 1730ஆம் ஆண்டு தோட்டத்தில் பாடம் சொல்லும் பொறுப்பை லின்னேயஸிடம் ஒப்படைத்தார். மாணவராக வந்து இரண்டு ஆண்டும் நிறையாத இளைஞர், செடியின் அருகே நின்று செடியைப் பற்றிப் பேசினார். கேட்கச் சில நாட்களில் முந்நூறு பேர் வரை கூடினர். பாடத்திட்டம் அவர்களை வரச்சொல்லவில்லை. கேட்க இனிமையாக இருந்ததால் வந்தார்கள்.

அலைந்ததும் திரும்பியதும்

1732ஆம் ஆண்டு லாப்லாந்துக்குத் தனியே புறப்பட்டார். மலையிலும் சதுப்பிலும் பல மாதங்கள் அலைந்தார். அங்கே வாழும் சாமி மக்களின் உணவு, மருந்து, கலைமான் வளர்ப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். 1735ஆம் ஆண்டு ஹாலந்து சென்று மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இயற்கையின் மூன்று உலகங்களாகிய கனிமம், தாவரம், விலங்கு ஆகியவற்றை வகைப்படுத்திக் காட்டும் நூலை அங்கே வெளியிட்டார். பெரிய தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களே கொண்ட நூல் அது. ஐரோப்பிய அறிஞரிடையே அவர் பெயரைப் பரப்பியது. கிளிஃபர்டு என்னும் செல்வரின் தோட்டத்தைப் பேணும் பணி கிடைத்தது. அங்கே கண்ணாடிக் கூடத்தில் வாழையைப் பூக்கவும் காய்க்கவும் செய்தார். நம் வீட்டுக் கொல்லையில் கேட்பாரற்றுக் குலை தள்ளும் வாழை, அந்நாட்டில் அறிஞர் கூடிக் கண்டு வியந்த அற்புதம்!

அந்த ஹாலந்திலேயே ஒரு துயரமும் நேர்ந்தது. உப்சாலாவில் உயிர் நண்பராக இருந்தவர் பீட்டர் ஆர்டெடி. மீன்களைப் பற்றி ஆராய்ந்தவர். 1735ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இரவில் கால்வாயில் விழுந்து இறந்தார். எவர் முன்னே போனாலும் மற்றவர் அவர் நூலை முடித்துத் தருவது என்று இருவரும் வாக்களித்திருந்தனர். லின்னேயஸ் வாக்குத் தவறவில்லை. நண்பரின் நூலை 1738ஆம் ஆண்டு வெளியிட்டார்.

நாடு திரும்பி ஸ்டாக்ஹோமில் மருத்துவம் பார்த்தார். 1739ஆம் ஆண்டு சாரா எலிசபெத்தை மணந்தார். 1741ஆம் ஆண்டு உப்சாலாவில் பேராசிரியரானார். பசியோடு உலவிய அதே தோட்டம் இப்போது அவர் பொறுப்பில் வந்தது. ஹார்லெமன் என்னும் கட்டடக் கலைஞரின் உதவியோடு அதனைப் புதுக்கினார். பாத்திகளை வகுத்தார், வெப்பநாட்டுச் செடிகளுக்கு வெம்மையான கூடம் எழுப்பினார், நீர்ச்செடிகளுக்குக் குளங்கள் அமைத்தார். உலகின் பல மூலைகளிலிருந்து நண்பர்கள் விதைகளை அனுப்பினர். தோட்டத்தின் மூலையிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார். குரங்குகளும் கிளியும்கூட அங்கே வளர்ந்தன. செடியைப் பார்க்க வந்தவர் குரங்கையும் பார்த்துச் சென்றிருப்பர்!

கொம்பும் முரசும் முழங்க

தோட்டத்துப் பாடத்தோடு அவர் நிறைவடையவில்லை. பாத்தியில் நட்ட செடியைக் காட்டினால் போதாது. அது தானாக முளைத்த இடத்தில் காணவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே கோடைக்காலத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்தார். உப்சாலாவைச் சுற்றி எட்டு வழிகள் வகுக்கப்பட்டிருந்தன. காலையில் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார்கள்.

அந்த நடைக்கு விதிகள் இருந்தன. கனத்த உடை கூடாது. மெல்லிய துணியில் தளர்ந்த உடையும் அகன்ற தொப்பியும் வேண்டும். செடி சேர்க்கும் பெட்டி, உருப்பெருக்கும் கண்ணாடி, பூச்சி பிடிக்கும் வலை ஆகியவை கையில் இருக்கவேண்டும். ஒருவர் ஆசிரியர் சொல்வதை எழுதுவார். ஒருவர் ஒழுங்கைக் காப்பார். ஒருவர் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவார். பிந்தி வந்தவர் தண்டம் கட்டவேண்டும். மாணவர்கள் வயலிலும் காட்டிலும் பரவிச் சென்று கண்டதைக் கொண்டுவருவர். குறித்த இடத்தில் அனைவரும் கூடுவர். கொண்டுவந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பெயர், குணம், பயன் ஆகியவற்றை லின்னேயஸ் விளக்குவார். அரிய செடியைக் கண்டுபிடித்தவருக்கு உணவு வேளையில் ஆசிரியரோடு மேசையில் அமரும் பெருமை உண்டு. மற்றவர் நின்றுகொண்டே உண்டு, அடுத்த வாரம் அந்த இடத்தைப் பிடிக்க எண்ணுவர்.

மாலையில் கொம்பும் முரசும் முழங்க, கொடிகளை ஏந்தி, தொப்பிகளில் பூச்செருகி, நகரத் தெருக்கள் வழியே தோட்டத்துக்குத் திரும்புவார்கள். அறிவு வாழ்க, லின்னேயஸ் வாழ்க என்று முழக்கமிட்டுப் பிரிவார்கள். சில நாட்களில் இருநூறு முந்நூறு பேர் வரை நடந்தனர். மருத்துவ மாணவர் மட்டுமல்லர், பிற துறையினரும் வந்தனர், வெளிநாட்டாரும் வந்தனர்.

இந்த ஆரவாரம் எல்லார்க்கும் பிடிக்குமா? மேலிடத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. கல்வி என்பது கடுமையாக இருக்கவேண்டும், களியாட்டம் அங்கே கூடாது என்று எண்ணியவர்கள் அவர்கள். 1748ஆம் ஆண்டு கண்டனம் எழுந்தது. தோட்டம் அமைக்கத் துணைநின்ற ஹார்லெமனே குறை கூறியவர்களில் ஒருவர். லின்னேயஸ் மனம் நொந்தார், உறக்கமும் இழந்தார். ஆரவாரம் சற்று அடங்கியது. ஆனால் நடை நிற்கவில்லை. மகிழ்ந்து கற்பதும் கல்விதான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இரண்டு சொல் வந்த வழி

அந்நாளில் ஒரு செடியின் பெயர் என்பது இலத்தீன் மொழியில் ஒரு நீண்ட வாக்கியம். இலை இப்படி, தண்டு இப்படி, பூ இப்படி என்று அடுக்கிச் சொல்லவேண்டும். புதுச்செடி ஒன்று கிடைத்தால் பழைய வாக்கியமும் நீளும். நூலில் எழுதலாம், வயலில் நின்று சொல்ல முடியுமா?

1740களின் இறுதியில் லின்னேயஸ் தம் மாணவர்களை ஓர் ஆய்வில் ஈடுபடுத்தினார். சுவீடனில் வளரும் செடிகளில் எதை மாடு தின்னும், எதை ஆடு தின்னும், எதைக் குதிரையும் பன்றியும் தின்னும், எதை விட்டு ஒதுங்கும் என்று கால்நடைகளின் பின்னே சென்று பார்த்துக் குறிக்கவேண்டும். மாட்டின் பின்னே ஓடிக்கொண்டு ஒரு முழ நீளப் பெயரை எழுதினால் மாடு அடுத்த வயலுக்குப் போய்விடும்! ஆகவே குறிப்பெழுதும் வசதிக்காக ஒவ்வொரு செடிக்கும் இனப்பெயரோடு ஒரே ஒரு அடைசொல்லைச் சேர்த்தார். 1749ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில் இரண்டு சொற்பெயர்கள் இவ்வாறு வழங்கின. 1753ஆம் ஆண்டு இரண்டு தொகுதிகளாக வந்த பெருநூலில், அன்று அறியப்பட்டிருந்த ஏறத்தாழ 6,000 தாவர வகைகள் அனைத்துக்கும் அம்முறையைப் பொருத்தினார். இன்று உலகத் தாவரப் பெயர்களுக்கு அந்த நூலே தொடக்க எல்லை. 1758ஆம் ஆண்டு விலங்குகளுக்கும் இம்முறை வந்தது.

அப்பெருநூலில் நம் நாட்டு மரங்களும் உள்ளன. மாவும் தென்னையும் பனையும் புளியும் அரசும் ஆலும் அதில் பெயர் பெற்றன. முருங்கை என்ற சொல்லே அங்கே மொரிங்கா ஆனது. ஆடாதோடை என்ற சொல் ஆதடோடா ஆனது. ஆடு தொடாத இலை என்று அப்பெயருக்கு நம் ஊரார் பொருள் கூறுவர். நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! எந்தச் செடியை ஆடு தொடாது என்று கண்டறிய உப்சாலா மாணவர்கள் வயலில் அலைந்தார்கள். நம் நாட்டில் ஆடு மேய்த்த யாரோ ஒருவர் அதே கேள்விக்கு விடை கண்டு, அதைச் செடியின் பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயரை எந்த நூலும் சொல்லவில்லை.

பாராட்டும் வேளையில் இதையும் சொல்லத்தான் வேண்டும். நம் நாட்டுச் செடிகள் லின்னேயஸின் மேசைக்குத் தாமே செல்லவில்லை. மலபாரில் வான் ரீட் என்னும் டச்சு ஆளுநர், இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவரைக் கொண்டு தொகுப்பித்த பன்னிரண்டு தொகுதிகளும், இலங்கையில் பவுல் ஹெர்மன் திரட்டிய உலர்செடிகளும் அவருக்கு ஆதாரமாயின. அறிவைத் தந்தவர் பலர். பெயர் பெற்றவர் சிலர்.

பிள்ளைகளை இழந்த ஆசிரியர்

தம்மோடு நடந்தவர்களில் சிறந்தவர்களை லின்னேயஸ் உலகின் திசைகளுக்கு அனுப்பினார். அவர்களைத் தம் சீடர்கள் என்று வழங்கினார். பதினேழு பேர் என்று கணக்கிடுவர். கால்ம் வட அமெரிக்கா சென்று திரும்பினார். சோலாண்டர் குக் மாலுமியோடு உலகைச் சுற்றினார். துன்பெர்க் ஜப்பான் வரை சென்றார்.

திரும்பாதவர்களும் உண்டு. முதலில் சென்ற டார்ன்ஸ்ட்ரோம் சீனா செல்லும் வழியில் 1746ஆம் ஆண்டு இறந்தார். மனைவியும் குழந்தைகளும் உள்ள மனிதரை ஏன் அனுப்பினாய் என்று அவர் மனைவி லின்னேயஸைப் பழித்தார். அதன்பின் திருமணமாகாதவரையே அனுப்புவது என்று முடிவு செய்தார். ஆனால் தாய் தந்தையர் இல்லாதவர் உண்டா? ஹாசல்குவிஸ்ட் 1752ஆம் ஆண்டு ஸ்மிர்னா நகருக்கு அருகில் இறந்தபோது அவருக்கு வயது 30. லோஃப்லிங் 1756ஆம் ஆண்டு வெனிசுவேலாவில் இறந்தபோது வயது 27. ஃபோர்ஸ்கோல் 1763ஆம் ஆண்டு ஏமனில் இறந்தபோது வயது 31. பதினேழு பேரில் எழுவர் பயணத்தில் மாண்டனர். மாண்டவர்களின் குறிப்புகளை வரவழைத்து நூலாக்கும் கடமையை லின்னேயஸ் செய்தார். ஹாசல்குவிஸ்ட் நூலும் லோஃப்லிங் நூலும் அவ்வாறு வந்தவையே. அந்தக் கையெழுத்துகளைப் படித்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

குறையில்லாத மனிதரல்லர் அவர். தம் புகழைத் தாமே பேசும் இயல்பு மிகுந்தவர். செடிகளை வகைப்படுத்திய கையாலேயே மனிதரையும் நிறத்தால் நான்காகப் பிரித்தார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் குணத்தையும் எழுதி, ஐரோப்பியரை உயர்த்தினார். அறிவியல் அதனைத் தள்ளிவிட்டது; ஆனால் அந்த எழுத்து உலகில் செய்த தீங்கு சிறிதன்று. அவருடைய நடைகளில் ஆண்களே நடந்தனர். பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்தது. அவர் மகள் எலிசபெத் கிறிஸ்டினா அந்திப் பொழுதில் ஒரு பூ மின்னுவதுபோல் தோன்றுவதைக் கவனித்து எழுதிய கட்டுரை 1762ஆம் ஆண்டு அறிவியல் கழகத்தின் ஏட்டில் வந்தது. அப்போது அவருக்கு வயது 19. தந்தையின் வகுப்பில் அமர முடியாத மகள் தந்தையின் தோட்டத்தில் நின்று கற்றார்.

இறுதி நாட்கள்

1758ஆம் ஆண்டு ஹம்மர்பி என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வாங்கினார். கோடையில் அங்கேயும் மாணவர்கள் வந்து அண்டை ஊர்களில் தங்கிப் பாடம் கேட்டனர். 1766ஆம் ஆண்டு உப்சாலாவில் மீண்டும் தீப்பிடித்தது. ருட்பெக்கின் கதை நினைவுக்கு வந்ததோ என்னவோ, தம் தொகுப்புகளை நகரில் வைக்க அஞ்சினார். ஹம்மர்பிக் குன்றின்மேல் தனியாக ஒரு கல்வீடு கட்டி அவற்றைக் காத்தார்.

1774ஆம் ஆண்டு வாதநோய் தாக்கியது. அடுத்தடுத்து வந்த தாக்குதலில் நினைவு தேய்ந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களைச் சூட்டியவருக்குப் பெயர்கள் மறந்தன. தாம் எழுதிய நூலையே எடுத்துப் பார்த்து, யார் எழுதியது என்று அறியாமல் வியந்தாராம். இறுதியில் தம் பெயரும் மறந்தது என்பர். 1778ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் உயிர் நீத்தார். உப்சாலாப் பெருங்கோவிலில் அடக்கம் செய்தனர்.

அவருக்குப்பின் மகனும் 1783ஆம் ஆண்டு இறந்தார். தொகுப்புகளை ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் வாங்கி லண்டனுக்குக் கொண்டுசென்றார். பல்கலைக்கழகத்துக்கு வேறு தோட்டம் கிடைக்கவே, லின்னேயஸின் தோட்டம் மீண்டும் சீர்குலைந்தது. 1917ஆம் ஆண்டு அவர் பெயரால் சுவீடனில் ஒரு கழகம் தோன்றியது. அவர் காலத்தில் வெளிவந்த பழைய அமைப்புப் படத்தைப் பார்த்து, அதே பாத்திகள், அதே குளங்கள் என்று அக்கழகத்தார் தோட்டத்தை மறுபடியும் உண்டாக்கினர். இன்று கோடையில் பொதுமக்களை அழைத்துச்சென்று செடிகளைக் காட்டுகிறார்கள். அவர் நடந்த எட்டு வழிகளுக்கும் அடையாளமிட்டிருக்கிறார்கள். விரும்பினோர் இன்றும் நடக்கலாம்.

தரங்கம்பாடியிலிருந்து சிப்பூருக்கு

இனிக் கறிவேப்பிலைக்கு வருவோம். உப்சாலாவில் பயின்ற கோனிக் தரங்கம்பாடியில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போகச் செடிகளைத் திரட்டினார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் பணிசெய்தார். ஆசிரியருக்கு மாதிரிகள் அனுப்பினார். 1771ஆம் ஆண்டு லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு மாணவர் பெயரைச் சூட்டினார். கோனிக்கோ தரங்கம்பாடியில் தாமும் ஒரு லின்னேயஸாக இருந்தார். அங்கிருந்த சமய ஊழியர்களுக்குச் செடி பார்க்கும் கலையைக் கற்பித்தார். அவர்களில் ஒருவர் ராட்லர். பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்தவரும் அவரே. ராக்ஸ்பரோ என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரும் கோனிக்கோடு பழகிப் பயன்பெற்றார். 1785ஆம் ஆண்டு காக்கிநாடாவுக்கு அருகில் கோனிக் உயிர் நீத்தபோது உடனிருந்தவர் ராக்ஸ்பரோ. அதே ராக்ஸ்பரோ 1793ஆம் ஆண்டு ஹூக்ளி ஆற்றங்கரைத் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்தார். 1787ஆம் ஆண்டு தோன்றிய அந்தத் தோட்டமே, ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் பெயரை இன்று தாங்கி நிற்கும் சிப்பூர்த் தோட்டம்.

அங்கே நிற்கும் பேராலமரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த மரவகைக்கும் 1753ஆம் ஆண்டு பெயர் வைத்தவர் லின்னேயஸ். வங்காளத்தின் பெயரையே வைத்தார். அந்த மரத்தின் நடுவடிமரம் நோயுற்று 1925ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டு வீசிய ஆம்பன் புயலிலும் மரம் காயம்பட்டது. ஆயினும் மரம் விழவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகள் தாங்கி நிற்கின்றன. எது அடிமரம் என்று கேட்டால் இன்று காட்ட முடியாது. ஆசிரியரும் மாணவரும் அப்படித்தான்.

காலையில் அந்தத் தோட்டத்தில் நடப்பவர்கள் பலர் உண்டு. நம் மன்றத்தார் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூடி நடக்கலாகாதா? தாவரவியல் பயிலும் நண்பர் ஒருவர் முன்னே நடந்து சொல்லட்டும்; பொருளியல் பயில்பவரும் பொறியியல் பயில்பவரும் பின்னே நடந்து கேட்கட்டும். ஊரில் பாட்டி சொன்ன பெயர் நினைவிருப்பவர் அந்தப் பெயரைச் சொல்லட்டும். வங்காள நண்பர் தம் மொழிப் பெயரைச் சொல்லட்டும். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் எழுதிவைக்கட்டும். தோட்டத்தார் ஒப்பினால் உதிர்ந்த தழையை அள்ளவும், நாற்றுக்கு நீர் ஊற்றவும் நம் கைகள் உதவலாம். கொம்பும் முரசும் வேண்டுவதில்லை. பெயரைக் கேட்டு மறந்து மீண்டும் கேட்ட அந்தச் சிறுவனைப்போல், கேட்கும் ஆவல் ஒன்று இருந்தால் போதும்.